மில் செட்டிங்

அந்தப் பையைக் கொஞ்சம் மடியில எடுத்து வச்சுக்கிட்டீங்கன்னா நான் இப்படி உக்காந்துக்குவேன். ஆங், போதும். முறுக்கா? வாசம் வருது. பையையும் தூக்குச்சட்டியையும் பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன், மில்லுல பொண்ணு இருக்கு, பாக்கப் போறீங்கன்னு. இந்த ரூட்டுல இப்படிப் பையோட ஏறுறவங்க எல்லாருமே மில்லு ஸ்டாப்புலதான் இறங்குவாங்க. ஆனா பெத்தவங்கள ஞாயித்துக்கிழமைதான உள்ள விடுவாங்க. இன்னிக்குப் புதனாச்சே.

போன்ல அழுதுச்சா? அது எல்லாப் பிள்ளையும் அழுகுறதுதாண்ணே. அண்ணேன்னு கூப்பிடலாம்ல, நீங்க என்னைய விட மூத்தவராத்தான் இருப்பீங்க. வந்து கூட்டிட்டுப் போயிருங்கன்னு சொல்லும், நீங்க போய் முறுக்கைக் குடுத்தா சரியாப் போயிரும். பொண்ணு பேரு என்ன? வினோதினி. நல்ல பேரு. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. அந்த மில்லு மேனேஜர் கனகசபை சாரு நமக்கு ரொம்ப வேண்டப்பட்டவரு. நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், புதன்கிழமையாவது பொங்கலாவது, கேட்டைத் தொறந்து விட்டுருவாங்க. உங்க பொண்ணு கழுத்துல ஒரு ஐடி கார்டு தொங்குமே, அந்தப் போட்டோ எடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க? நான்தான். அருள் டிஜிட்டல் ஸ்டுடியோ. பேரு அருளப்பன்.

நான் கோர்ட்டுக்குப் போறேன். பயந்துராதீங்க, நான் தப்பு எதுவும் பண்ணல. சாட்சி. போட்டோ எடுத்தது நீதானான்னு கேப்பாங்க, ஆமாம்பேன், முடிஞ்சு போச்சு. அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையா என் கதை ஆகிப் போச்சுண்ணே. நல்லது செஞ்சு கெட்ட பேரு வாங்குறதுக்குன்னே சில பேரு பொறந்திருப்பாங்க பாருங்க, அதுல நான் ஒருத்தன்.

எங்க தொழிலைப் பத்தி உங்களுக்கு ஒண்ணு தெரியணும், இல்லாட்டி என் வயித்தெரிச்சல் புரியாது. செல்போன்ல எடுத்தா உடனே போட்டோ வந்துருது. எங்க கேமரா அப்படி இல்ல. அதுல வர்றதுக்கு ரா ஃபைலுன்னு பேரு. அது அரைச்சு வச்ச மாவு மாதிரி. மாவை அப்படியே திங்க முடியுமா? வீட்டுக் கம்ப்யூட்டர்ல போட்டா தொறக்கக்கூடத் தொறக்காது. அதை நாங்க ஜேபெக்கா மாத்திக் குடுக்கணும். அதுதான் தோசை. ஊத்துறப்ப உங்க இஷ்டம், வெளிச்சம் கூட்டலாம், கறுப்பைக் கொறைக்கலாம், முகத்துல இருக்கிற பரு, தழும்பு எல்லாத்தையும் வழிச்சு எடுத்துரலாம். ஆனா ஊத்துனது ஊத்துனதுதான். தோசையைப் பிச்சுப் போட்டா திரும்ப மாவா ஆகாது. மாவு கையில இருக்கிற வரைக்கும் எத்தனை தடவை வேணும்னாலும் ஊத்திக்கலாம். இவ்வளவுதாண்ணே தொழிலு. இதுக்குத்தான் இப்ப என்னைய கூண்டுல ஏத்தப் போறாங்க.

மில்லுக்குப் பிள்ளைக எங்கெங்க இருந்தோ வருதுக. வெயில்ல களை எடுத்த முகம், தூக்கம் இல்லாத கண்ணு, அங்கங்க கீறலு, கொசுக்கடி. மேனேஜர் சாரு சொன்னாரு, "அருளு, வெளிநாட்டுக்காரன் நூல் வாங்க வர்றப்ப கார்டைப் பாத்தான்னா பிள்ளைக தெளிச்சியா இருக்கணும்ப்பா." அதுக்குன்னு உக்காந்து ஒரு செட்டிங் செஞ்சேன். கம்ப்யூட்டர்ல அதுக்குப் பேரே 'மில்'னுதான் வச்சிருக்கேன். ஒரே தட்டு. கருவளையம் போயிரும், பரு போயிரும், காயம், தழும்பு, சிராய்ப்பு ஒண்ணு இருக்காது. எல்லாப் பிள்ளையும் அக்கா தங்கச்சி மாதிரி பளிச்சுனு ஆயிரும். உங்க பொண்ணு கார்டைப் பாத்திருக்கீங்களா? அடையாளம் தெரியலயா? எல்லாரும் அதான் சொல்றாங்க. நான் அதைப் பாராட்டாத்தான் எடுத்துக்கிறது.

இந்திராணின்னு ஒரு பிள்ளை. தென்காசிப் பக்கம். ஐடி கார்டு எடுக்கறப்ப ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு, "அண்ணே, என் கன்னத்துல இருக்கிற மச்சத்தை அழிச்சுறாதீங்க. எங்கம்மா அதுலதான் முத்தம் குடுக்கும்"னு சொல்லுச்சு. மத்த பிள்ளைக எல்லாம் சிரிச்சுதுக. சரிம்மான்னேன். ஆனா ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா உக்காந்து பாக்க முடியுமா? மொத்தமா மில் செட்டிங்கைப் போட்டேன், மச்சமும் போயிருச்சு. கார்டு கைக்கு வந்ததும் என்னைய ஒரு மொறை மொறைச்சுச்சு பாருங்க. நல்ல துடியான பிள்ளை. வார்டனையே எதுத்துப் பேசும்னு சொல்லுவாங்க.

அந்தப் பிள்ளைதான் போன ஐப்பசியில செத்துப் போச்சு. ஆஸ்டல் பாத்ரூம்ல வலிப்பு வந்து விழுந்துருச்சுன்னு மில்லுல சொன்னாங்க. ஏன் இப்படிப் பாக்குறீங்க? உங்க பொண்ணுக்கு வலிப்பு இருக்கா? இல்லையில்ல. அப்புறம் என்ன. அந்தப் பிள்ளைக்கும் கிடையாதுன்னுதான் அவங்கம்மா சொல்லுது, அது வேற விஷயம்.

எங்க ஊரு ஸ்டேஷன்ல என்ன ஆனாலும் என்னையத்தான் கூப்பிடுவாங்க. கெணத்துல விழுந்தது, ரயில்ல அடிபட்டது, எல்லாத்துக்கும் நான்தான் படம். கல்யாணமும் எடுப்பேன், கருமாதியும் எடுப்பேன், எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். அன்னிக்கு அடைமழை. முந்தின நாள் ஒரு நிச்சயதார்த்தம் எடுத்துட்டு வந்த கேமரா, அப்படியே ரா மோடுலயே இருந்துச்சு. போய் எடுத்தேன். பாத்ரூம்ல லைட்டு மங்கல். பிள்ளை தரையில கெடக்கு, தலைமுடி எல்லாம் ஈரம். நான் முகத்தைப் பாக்குறது இல்லண்ணே. கேமரா வழியாப் பாத்தா அது வெறும் படம்தான். நாலா பக்கமும் எடுத்தேன், கிட்டக்கப் போய் எடுத்தேன், வந்துட்டேன்.

கடைக்கு வந்து உக்காந்தா, ஏட்டையா பின்னாலயே வந்து நிக்கிறாரு. "சீக்கிரம் சிடி போட்டுக் குடுப்பா, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்"ங்கறாரு. காலையில பூரா மில்லு ஐடி கார்டு ஓட்டிக்கிட்டு இருந்தேன். கம்ப்யூட்டர்ல அந்த செட்டிங்தான் நிக்குது. கேமராவுல இருந்த மெமரி கார்டைக் கழட்டிச் சொருகினேன், எல்லாத்தையும் ஜேபெக்கா மாத்துன்னு தட்டுனேன். அதுபாட்டுக்கு மாத்துச்சு. பழக்கதோஷம். கை தன்னால போகும்ல, நீங்க சட்டை பட்டனைப் பாத்தா போடுறீங்க? சிடியைக் குடுத்தேன், ஏட்டையா போயிட்டாரு. மறுநாள் ஒரு முகூர்த்தம், கார்டுல எடம் வேணும்னு எல்லாத்தையும் அழிச்சேன். இதுல எங்கண்ணே தப்பு இருக்கு?

அப்புறம் படத்தைப் பாத்தேன். சும்மா சொல்லக்கூடாது, தூங்குற பிள்ளை மாதிரி இருந்துச்சு. கன்னம் வழவழன்னு, கழுத்து வழவழன்னு. செத்த பிள்ளைன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. டாக்டரும் காயம் ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டாரு. படத்துலயும் ஒண்ணும் இல்ல. மில்லுக்காரங்களே வண்டி வச்சு, விறகு வாங்கி, அன்னிக்கே எரிச்சுட்டாங்க. அவங்கம்மா வந்து சேர்றதுக்குள்ள பாதி காரியம் முடிஞ்சு போச்சு. எவ்வளவு பொறுப்பாச் செஞ்சாங்க தெரியுமா.

அந்தம்மா பேரு மாரிக்கண்ணு. சுடுகாட்டுல கொள்ளி வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் முகத்தைத் தொறந்து காட்டியிருக்காங்க. அந்த ஒரு நிமிஷத்துல கழுத்தைப் பாத்துருச்சாம். கழுத்துல கைத்தடம் இருந்துச்சு, என் மகளை யாரோ நெரிச்சிருக்காங்கன்னு ஊரைக் கூட்டுச்சு. போலீஸ்ல படத்தை எடுத்துக் காட்டினாங்க, "எங்கம்மா தடம் இருக்கு? நீயே பாரு." அது பாத்துட்டு என்ன சொல்லுச்சு தெரியுமா? "இது எம்மக இல்ல."

நேரா எங்கிட்ட வந்துருச்சு. வந்து கடை வாசல்லயே உக்காந்துக்கிச்சு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, மாசக்கணக்கா. கையில ஒரு பழைய போட்டோ, பள்ளிக்கூடத்துல எடுத்தது, மச்சத்தோட. அதைப் பிடிச்சுக்கிட்டு என்னையவே பாத்துக்கிட்டு இருக்கும். கல்யாண ஆர்டர் குடுக்க வர்றவங்க அதைப் பாத்துட்டு அடுத்த கடைக்குப் போயிருவாங்க. எனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. ஒரு நாள் கோவத்துல கேட்டே புட்டேன், "ஏம்மா, உன் மகளை நான் அழகாத்தான எடுத்துக் குடுத்திருக்கேன், மாலை போட்டு மாட்ட வேண்டியதுதான"ன்னு. அதுக்கு அது, "எம்மக அழகா இருக்க வேணாம்ய்யா, எம்மகளா இருந்தாப் போதும்"னுச்சு. படிக்காத சனம், கம்ப்யூட்டரைப் பத்தி என்ன தெரியும்.

இதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. ஒரு வக்கீலம்மா அதுக்குக் கெடைச்சுது. சின்ன வயசு, கண்ணாடி போட்டது. அந்தம்மா கையில இருந்த பள்ளிக்கூடத்துப் போட்டோவையும், என் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஜட்ஜய்யாகிட்ட கேட்டுச்சாம், "இந்தக் கன்னத்துல மச்சம் இருக்கு, இந்தக் கன்னத்துல இல்ல. செத்ததும் மச்சம் எங்க போச்சு? மச்சம் போன வழியில வேற என்னென்ன போச்சு?" அவ்வளவுதான், கேஸு திரும்ப எந்திரிச்சுருச்சு. ஒரு மச்சத்துக்காக எனக்கு சம்மன் வருதுண்ணே. ஊரு வாயை மூட உலைமூடி ஏது.

மாத்தம் எதுவும் செய்யாம எடுத்த படம்தான்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். அதை வச்சுத்தான் என்னைய மடக்கப் பாக்குறாங்க. ஒருத்தன் தலையை எடுத்து இன்னொருத்தன் ஒடம்புல ஒட்டுனா அது மாத்தம். இது வெறும் ஃபைல மாத்துறது. இந்தச் சின்ன விஷயத்தைக் கூடப் புரிஞ்சுக்க மாட்டேங்குறாங்க.

மில்லுக்காரங்க தங்கமானவங்கண்ணே. கேஸு எந்திரிச்சதும் கனகசபை சாரு நேருல கடைக்கு வந்தாரு. அவ்வளவு பெரிய மனுஷன், பிளாஸ்டிக் சேருல உக்காந்து டீ குடிச்சாரு. "அருளு, உன் கம்ப்யூட்டரு பழசாயிருச்சே, இதை வச்சுக்கிட்டா தொழில் பாக்குற"ன்னாரு. மறுநாளே புதுசு வந்து எறங்குச்சு. பழசை அவங்களே கொண்டு போயிட்டாங்க, அதுக்குள்ள இருந்த பழைய படம் எல்லாத்தோடயும். குப்பை போச்சுன்னு நினைச்சேன். யாரு செய்வா இந்தக் காலத்துல? போறப்ப, "அந்தப் பிள்ளை படம் வேற எங்கயும் இல்லையே"ன்னு கேட்டாரு. எல்லாம் அழிச்சாச்சு சார்னேன். என் தோள்ல தட்டிக் குடுத்தாரு.

எல்லாத்தையும் அவருதான் பாத்துக்கிறாரு. வார்டனை வேற ஊரு மில்லுக்கு அனுப்பி வச்சாரு, பாவம் மனசொடிஞ்சு போச்சுன்னு. வாட்ச்மேன் செல்லமுத்துவுக்கும் அவருதான். அந்தப் பிள்ளையை மொதல்ல பாத்தது இந்தச் செல்லமுத்துதான். பாத்ரூம் கதவு வெளிப்பக்கமா தாப்பா போட்டிருந்துச்சுன்னு டீக்கடையில எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. வயசான மனுஷன், வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். போன வாய்தாவுக்கு அவருக்குத்தான் சம்மன். இதே பஸ்ஸுலதான் வந்திருக்காரு. கனகசபை சாரு போன் போட்டு, "தாத்தா, பஸ்ஸுல எதுக்கு அல்லாடுறீங்க, காத்தாடி விலக்குல எறங்கிக்கங்க, கார் அனுப்புறேன்"னு சொன்னாராம். எறங்கியிருக்காரு. காரு வர்றதுக்குள்ள ஒரு லாரி வந்து அடிச்சுப் போட்டுட்டுப் போயிருச்சு. நம்பரை யாரும் பாக்கல. அங்க பாக்குறதுக்கு ஆளு ஏது, ரோடு பிரியுற எடம், கரண்டு எடுக்கிற காத்தாடியும் கருவேலமும்தான். மாலையோட மொத ஆளா வந்து நின்னது நம்ம சாருதான். நான்தான் படம் எடுத்தேன்.

என்னண்ணே, முகமெல்லாம் வேர்க்குது. ஜன்னலைத் தொறந்து விடுங்க. உங்க மில்லு ஸ்டாப்புக்கு இன்னும் நேரம் இருக்கு. காத்தாடி விலக்கு வரும், அதுக்கு அடுத்தாப்புலதான். ஒரு முறுக்கு குடுங்க, காலையில சாப்பிடாம வந்துட்டேன்.

நேத்து சாயங்காலம் நடந்ததைக் கேளுங்க. கோர்ட்டுக்குக் கொண்டு போகணும்னு என் ஆதார் கார்டைத் தேடிக்கிட்டு இருந்தேன். மேசை டிராயர்ல, பாஸ்போர்ட் போட்டோ வெட்டுற கட்டருக்கு அடியில இது கெடக்குது. இந்தாங்க, பாருங்க. மோதிரம் வாங்குனா குடுப்பாங்கள்ல, அந்த டப்பாவுலதான் வச்சிருக்கேன். கையில வாங்கிப் பாருங்க, ஒண்ணும் ஆகாது. என் கேமராவுல ரெண்டு கார்டு போடலாம். ஒண்ணுல விழுறது அப்படியே இன்னொண்ணுலயும் விழும், கல்யாண வேலையில ஒண்ணு கெட்டுப் போனா இன்னொண்ணு வேணுமில்ல. இது அந்த ரெண்டாவது கார்டு. நெறைஞ்சு போச்சுன்னு அப்பவே கழட்டிப் போட்டிருக்கேன், அதுக்கப்புறம் மறந்தே போச்சு. மாவு இருக்கு பாத்துக்கங்க. எல்லாரும் தேடுற மாவு என் டிராயர்லயே இருந்திருக்கு.

கேமராவுல போட்டுப் பாத்தேன். ரா ஃபைலு எப்பவுமே அசிங்கமா இருக்கும்ணே, கழுவாத முகம் மாதிரி. மச்சம் இருக்கு. கழுத்தைப் பெருசு பண்ணிப் பாத்தேன். இந்தப் பக்கம் நாலு. அந்தப் பக்கம் ஒண்ணு. கருநீலமா. அழுக்கா இருக்கலாம், நிழலா இருக்கலாம், எனக்கு என்ன தெரியும், நான் என்ன டாக்டரா? கண்ணாடி முன்னால நின்னு என் கழுத்துல இப்படிக் கையை வச்சுப் பாத்தேன். என் கைக்குப் பொருந்தல. கொஞ்சம் பெரிய கையா இருக்கணும். ராத்திரி தூக்கம் வரல. அது மழைக்காலத்துக் கொசு.

மறைக்கிறதுக்கு நமக்கு என்ன இருக்கு? ஒடனே கனகசபை சாருக்குப் போன் அடிச்சேன். சார், ரெண்டாவது கார்டு ஒண்ணு கெடைச்சிருக்கு, அதுல ரா ஃபைலு அப்படியே இருக்குன்னேன். அவரு, "வீட்டுல யாருகிட்டயாவது சொன்னியா"ன்னு கேட்டாரு. சொல்லல சார்னேன். "நல்லது. யாருகிட்டயும் காட்டாத. எந்த பஸ்ஸுல வர்ற"ன்னாரு. சொன்னேன். நான் ஒரு யோசனையும் வச்சிருக்கேண்ணே. ஜட்ஜய்யா கம்ப்யூட்டர்ல ரா ஃபைலு தொறக்காது. அவருக்கு ஜேபெக்காத்தான் குடுக்கணும். அதே மில் செட்டிங்கைப் போட்டு மாத்திக் குடுத்துட்டேன்னா, அதுவும் இதுவும் ஒண்ணாயிரும், கொழப்பமே இருக்காது. சாருகிட்டச் சொன்னேன். "நீ கெட்டிக்காரண்டா, கோர்ட்டுக்குப் போற வழியில மில்லு ஆபீஸ்லயே வச்சு மாத்திரலாம்"னாரு. அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

இருங்க, போன் அடிக்குது. கையிலயே வச்சிருங்க. சார், வணக்கம் சார். ஆமா சார், பஸ்ஸுலதான் இருக்கேன். கையிலதான் சார் இருக்கு. மில்லு கேட்டுக்கு வர வேணாமா? சரி சார். காத்தாடி விலக்கா? அங்க எதுக்கு சார், மில்லுக்கே வந்துர்றேனே. இல்ல சார், உங்க இஷ்டம். சரிங்க சார்.

பாத்தீங்களாண்ணே, காரு அனுப்பியிருக்காரு. கோர்ட்டு வரைக்கும் காருலயே கொண்டு போய் விடுறாங்களாம். யாருக்குக் கெடைக்கும் இந்த மரியாதை. என்னது? போகாதீங்கவா? நல்லாயிருக்கே, கூப்பிட்டு விட்ட மனுஷனை நிக்க வச்சுட்டு பஸ்ஸுல நான் போறதா? என் கடையில பாதி வேலை அவரு குடுக்கிறதுண்ணே. உங்களுக்கு அவரைத் தெரியாது. தெரிஞ்சா இப்படிப் பேச மாட்டீங்க.

கண்டக்டரே, காத்தாடி விலக்குல ஒரு ஆளு. அந்த டப்பாவைக் குடுங்கண்ணே. நல்லா அமுக்கி மூடிட்டீங்கள்ல? லேசா இருக்கு. அதுக்கு என்ன எடை இருக்கப் போகுது, நகத்தளவு சாமான். சட்டைப் பையிலயே வச்சுக்கிறேன். கொண்டு போய் அவரு கையிலயே குடுத்துட்டா எனக்கும் நிம்மதி.

உங்க பொண்ணைப் பத்தி சாருகிட்ட சொல்லி வைக்கிறேன், வினோதினிதான? சொல்ல வேணாமா? ஏன்? நல்லதுக்குத்தான சொல்றேன். சரி சரி, சொல்லல. இதுக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிடுறீங்களே. அதுவும் ஒத்தக் கையால. இந்தக் கையில என்ன, சில்லறையா? இவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க, பஸ்ஸுல யாரும் பிடுங்கிட்டுப் போயிர மாட்டாங்க. என்ன, பிள்ளையைக் கையோட கூட்டிட்டுக் கெளம்பறீங்களா? திடீர்னு என்ன இப்படி முடிவு பண்ணிட்டீங்க. நான் எதுவும் தப்பாச் சொல்லிட்டேனா?

கோர்ட்டா? அது சாயங்காலம் வரைக்கும் இருக்கும். எதுக்குக் கேக்குறீங்க? நீங்களும் அந்தப் பக்கம் வர்றீங்களா? வந்தா ஒரு உதவி பண்ணுங்கண்ணே. வாசல்ல வேப்பமரத்தடியில மாரிக்கண்ணு உக்காந்திருக்கும். ஊதாச் சேலை கட்டியிருக்கும், கையில மச்சம் வச்ச பிள்ளை போட்டோ. பாத்தாலே தெரியும். பக்கத்துலயே அந்த வக்கீலம்மாவும் நிக்கும். நான் வரலையோன்னு ரெண்டு பேரும் தவிச்சுக்கிட்டு இருப்பாங்க. வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லிருங்க.

அந்தா, வெள்ளைக் காரு நிக்குது. சாரே வந்திருக்காரு போல, டிரைவர் சீட்டுல அவருதான். கூட ரெண்டு பேரு இருக்காங்க. கொஞ்சம் வழி விடுங்க. முறுக்கு நல்லா இருந்துச்சுண்ணே. வர்றேன்.